விரல் தொடாத வியாபாரம்

ஜவுளிக்கடையில் கைதேர்ந்த விற்பனையாளர் சேலையின் விலையை முதலில் சொல்வதில்லை. மடிப்பைப் பிரித்து, முந்தானையை எடுத்து, வந்தவரின் தோளில் போட்டுவிடுகிறார். "சும்மா பாருங்கம்மா, எடுக்கணும்னு இல்ல" என்கிறார். வந்தவரின் கை தானாகவே சேலையின் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறது. பாதி விற்பனை அந்தத் தடவலிலேயே முடிந்துவிடுகிறது. 2009இல் ஜோன் பெக், சுசான் ஷூ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பொருளைக் கையில் எடுத்துத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, இன்னும் காசு கொடுக்காத நிலையிலேயே, அது தங்களுடையது என்ற எண்ணம் கூடிவிட்டது. தொடுவதற்கு இதமான பொருளாக இருந்தால் அதற்கு அவர்கள் மதித்த விலையும் ஏறியது.

விரல் நுனி அவ்வளவு நுட்பமான கருவி. ஸ்டாக்ஹோமில் உள்ள கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2013இல் நடந்த ஒரு சோதனையில், வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள சுருக்கங்களைக்கூட மனித விரல் வழவழப்பான பரப்பிலிருந்து பிரித்து உணர்ந்தது. தலைமுடியின் தடிமனைச் சில ஆயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் அந்த உயரம். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாத வேறுபாட்டை விரல் கண்டுபிடித்துவிடுகிறது.

இந்த விரலை எடுத்துவிட்டு ஒரு வியாபாரம் நடத்த வேண்டும் என்றால்? தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில், சமையலறை மேடையின் ஓரத்திலும் மொட்டை மாடியிலும் அது தினமும் நடக்கிறது. களிமண்ணைப் பிசைந்து ஜிமிக்கியும் தோடும் ஆரமும் செய்து, சுட்டு, வண்ணம் தீட்டி, போனில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு, கூரியரில் அனுப்பும் டெரகோட்டா நகைத் தொழிலைச் சொல்கிறேன். செய்தவர் திண்டுக்கல்லில் இருப்பார், வாங்குபவர் பெங்களூருவில் இருப்பார். இருவரும் முகம் பார்த்ததில்லை. பொருளை வாங்கியவர் முதன்முதலாகத் தொடுவது காசு கொடுத்து நாலைந்து நாள் கழித்துத்தான்.

தொடுதல் போன இடத்தை வேறு ஏதாவது நிரப்பியாக வேண்டும். ஒரு படம், ஒரு அளவு, நான்கு சொற்கள், ஒரு அட்டைப்பெட்டி, முன்பு வாங்கியவர் எழுதிய இரண்டு வரி. இவ்வளவுதான் கையில் இருக்கின்றன. ஆனால் இவை ஒவ்வொன்றுக்குள்ளும் ஆழமான அறிவியல் ஒளிந்திருக்கிறது. விளம்பரத்துக்குக் காசைக் கொட்டுவதற்கு முன் அந்த அறிவியலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளும் சிறு தொழில்காரர்தான் நீடித்து நிற்பார் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். களிமண்ணின் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறியது. தகடு தகடாக இருக்கும். தகடுகளுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் நிற்பதால், அழுத்தினால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். விட்டால் நகர்ந்த இடத்திலேயே நிற்கும். ஜிமிக்கியின் குடை உருவாவது இந்த ஒரு குணத்தால்தான். ஒரு சிட்டிகை மண்ணை உருட்டித் தட்டி, உருண்டையான ஏதாவது ஒன்றின் மேல் போர்த்தி எடுக்கிறார்கள். ஓரத்தில் ஊசி முனையால் புள்ளி வைக்கிறார்கள். கொக்கி மாட்டும் கம்பியை ஈரத்திலேயே செருகிவிட வேண்டும். பிறகு நிழலில் வைத்துக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரமான மண் சுருங்காமல் நிற்கும், இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் விரிசல் விழும்.

சுடும்போது நடப்பது இன்னும் வியப்பானது. 100 டிகிரியைத் தாண்டும்போது மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகிறது. நீர் ஆவியானால் அதன் கன அளவு 1,600 மடங்குக்கும் மேல் பெருகும். உள்ளே ஒரு துளி ஈரம் தங்கியிருந்தாலும் ஜிமிக்கி அடுப்பிலேயே வெடிப்பது அதனால்தான். இந்த நீர் போன பிறகும் களிமண்ணுக்குள் இன்னொரு நீர் இருக்கிறது. அது ஈரமாகத் தெரியாது; மண்ணின் மூலக்கூறு அமைப்பிலேயே பிணைந்திருக்கும். ஏறக்குறைய 450 முதல் 600 டிகிரிக்குள் அந்தப் பிணைப்பு அறுந்து, அதுவும் வெளியேறுகிறது. இந்த எல்லையைத் தாண்டிய மண்ணை எத்தனை நாள் ஊறவைத்தாலும் மறுபடி சேறாக்க முடியாது. சங்க கால மக்கள் சமைத்த பானையின் ஓடு இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் ஓடாகவே கீழடியில் வெளிவந்தது இந்த வேதியியலால். அங்கே கிடைத்த கருப்பு-சிவப்பு ஓடுகளின் இரு நிறமும் ஒரே மண்ணில் பிறந்தவை. தாராளமாகக் காற்று கிடைத்த பக்கத்தில் மண்ணிலுள்ள இரும்பு முழுமையாக ஆக்சிஜனோடு சேர்ந்து சிவந்தது. காற்று கிடைக்காமல் புகை சூழ்ந்த பக்கம் கறுத்தது. இன்று உமியிலும் மரத்தூளிலும் புதைத்துக் கருப்பு ஜிமிக்கி சுடுபவர்கள் செய்வதும் அதே வேலைதான்.

இது தொழில் நடத்துபவருக்கு எதற்கு என்றால், வாங்குபவர் செய்ய முடியாத பரிசோதனையை விற்பவர் செய்தாக வேண்டும் என்பதற்காக. கடையில் என்றால் ஒருவர் தோட்டைச் சுண்டிப் பார்ப்பார், கணீரென்று கேட்டால் நன்றாக வெந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார். இணையத்தில் அந்தச் சுண்டல் கிடையாது. ஆகவே ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் வண்ணம் பூசாத ஒரு துண்டை டம்ளர் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் நீர் கலங்கியிருந்தால் அந்தச் சூளை முழுவதும் சந்தேகத்துக்குரியது. அக்ரிலிக் பெயிண்ட் அந்தக் குறையைச் சில வாரம் மறைக்கும். அப்புறம் வியர்வை பட்டுக் காதோரம் மண் கரைந்துவிட்டது என்று செய்தி வரும். இன்னொன்று, மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். எவ்வளவு என்பது மண்ணைப் பொறுத்தது. அச்சின் அளவைப் பார்த்து "நீளம் 5 செ.மீ." என்று எழுதாதீர்கள். சுட்டு முடித்த ஜிமிக்கியை அளந்து எழுதுங்கள், எடையையும் கிராமில் எழுதுங்கள். காது மடல் தாங்குமா என்பதுதான் பலருக்கு முதல் கேள்வி. அதைக் கையில் தூக்கிப் பார்க்க முடியாதவருக்கு அந்த எண் ஒன்றே துணை.

இனி படம். இந்தத் தொழிலில் அதிகம் வரும் மனக்கசப்பு, "அக்கா, போட்டோல பார்த்த கலர் வேற, வந்தது வேற" என்பதுதான். பெரும்பாலும் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

2015 பிப்ரவரியில் உலகமே ஒரு உடையின் படத்தைப் பார்த்துச் சண்டை போட்டது நினைவிருக்கலாம். ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு திருமணத்துக்காக எடுக்கப்பட்ட உடை. ஒரு சாரார் நீலமும் கருப்பும் என்றார்கள், இன்னொரு சாரார் வெள்ளையும் பொன்னிறமும் என்றார்கள். உடையின் உண்மை நிறம் நீலமும் கருப்பும். மூளை ஒரு நிறத்தைத் தீர்மானிக்கும்போது, பொருளின் மேல் விழும் வெளிச்சம் எப்படிப்பட்டது என்று முதலில் ஊகித்து, அதைக் கழித்துவிட்டுத்தான் முடிவுக்கு வருகிறது. அந்தப் படத்தில் வெளிச்சத்தைப் பற்றிய தடயம் குறைவு. நிழலில் எடுத்தது என்று ஊகித்த மூளை நீலத்தைக் கழித்து வெள்ளையைக் கண்டது. மஞ்சள் விளக்கில் எடுத்தது என்று ஊகித்த மூளை நீலத்தைக் கண்டது. ஒரே படம், ஒரே திரை, இரண்டு நிறம்.

போன் கேமராவும் இதே ஊகத்தைச் செய்கிறது. அதற்கு உண்மையில் நிறமே தெரியாது. உணரியின் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு வடிகட்டி மட்டுமே இருக்கும். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நம் கண் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைப் பச்சையில்தான் கூர்மையாகப் பிடிக்கிறது என்பதால் பாதி வடிகட்டிகளைப் பச்சையாகவும், மீதியைச் சிவப்புக்கும் நீலத்துக்கும் சரிபாதியாகவும் பிரித்தார். ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரண்டு நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு நிரப்புகிறது போன். அதன்பிறகு காட்சியின் சராசரி நிறத்தைப் பார்த்து வெளிச்சத்தை ஊகிக்கிறது. சிவந்த ஜிமிக்கியைப் பழுப்பு மர மேசையில் வைத்து நெருக்கமாக எடுத்தால், காட்சி முழுதும் செம்மை. வெளிச்சம்தான் செம்மை போலிருக்கிறது என்று நினைத்து, போன் அதைக் குறைத்துவிடுகிறது. சுட்ட மண்ணின் உயிரோட்டமான செம்மை, சோகை பிடித்த பழுப்பாக வந்து நிற்கிறது.

மாற்று எளிது. காட்சிக்குள் கணிசமான இடத்தில் வெள்ளைத் தாள் இருக்கட்டும். அதைப் பார்த்து போன் தன் ஊகத்தைத் திருத்திக்கொள்ளும். ஆனால் வெளிச்சத்தின் அளவைப் பொறுத்தவரை எல்லாக் கேமராவும் எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணுவதால், வெள்ளைத் தாளும் சாம்பலாக வரலாம். திரையில் விரலை வைத்து வெளிச்ச அளவைச் சற்று மேலே தள்ளினால் தாள் வெளுக்கும். டியூப்லைட்டையும் மஞ்சள் பல்பையும் அணைத்துவிட்டு ஜன்னலோரம் போங்கள். இரண்டு விதமான வெளிச்சம் கலந்தால் எந்தத் திருத்தமும் முழுசாகப் பலிக்காது.

எந்த ஜன்னல்? ஐரோப்பிய ஓவியர்களின் வழக்கத்திலிருந்து வந்த "வடக்கு ஜன்னல்" என்ற அறிவுரை எங்கும் சொல்லப்படுகிறது. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் நேரடி வெயில் விழாது. நமக்கு அது ஆண்டு முழுக்கப் பொருந்தாது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதன்பின் வடக்கே போய்விடுகிறது. திரும்ப உச்சிக்கு வருவது ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில். இடைப்பட்ட காலம் முழுக்க, காலை முதல் மாலை வரை, சூரியன் வடக்குப் பக்கமே இருக்கும். கன்னியாகுமரியை நோக்கிப் போகப் போக இந்தக் காலம் இன்னும் நீளும். ஆகவே மே, ஜூன், ஜூலையில் தெற்கு ஜன்னலோரம் உட்காருங்கள். மற்ற மாதங்களில் வடக்கு. ஒரே ஜன்னல்தான் இருக்கிறது என்றால் வெயில் வரும்போது வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டிவிட்டாலே போதும்.

அளவைக் காட்ட, படத்தில் ஒன்றிலாவது பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ. எல்லோர் கையும் அறிந்த அளவு. போனை ஜிமிக்கிக்கு மிக அருகில் கொண்டுபோகாதீர்கள். முன்னால் இருக்கும் பாகம் ஊதிப்போய்த் தெரியும். ஒரு முழம் தள்ளி நின்று இருமடங்கு பெரிதாக்கி எடுத்தால் உருவம் உள்ளபடி வரும். பின்பக்கத்தையும் கொக்கியையும் காட்டுங்கள். கையால் செய்ததில் சின்ன மேடு பள்ளம் இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள்.

அந்த மேடு பள்ளம் வாங்குபவர் திரைக்குப் போய்ச் சேருமா என்பது வேறு கதை. 1974இல் நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் மூவரும் ஒரு கணித முறையை வெளியிட்டார்கள். நசீர் அகமது பெங்களூருவில் பிறந்தவர். எந்தப் படத்தையும் மெதுவாக ஏறி இறங்கும் அலைகள், வேகமாக ஏறி இறங்கும் அலைகள் என்று கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்பது அதன் சாரம். 1992இல் வந்த ஜேபெக் முறை அதன் மேல்தான் நிற்கிறது. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் வேகமான அலைகளை வீசி எறிகிறது. அவை போனால் கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது, படம் பல மடங்கு சிறியதாகிவிடும். வாட்ஸ்அப்பில் உங்கள் படம் நொடியில் பறப்பது இதனால்தான். ஆனால் நகையில் வேகமான அலை என்பது எது? ஊசி முனையால் வைத்த புள்ளி, விரல் ரேகை பதிந்த தடம், மண்ணின் சொரசொரப்பு. கைவேலைக்கு அடையாளமே அதுதான், வீசப்படுவதும் அதுதான். முக்கியமான வாடிக்கையாளருக்குப் படத்தை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். எதுவும் குறையாமல் போகும். அல்லது ஒரு மூலையை மட்டும் தனியாக, பெரிதாக எடுத்து அனுப்புங்கள். அப்போது அந்தப் புள்ளிகள் படத்தில் அகலமாக விழுவதால் மெதுவான அலைகளாகிவிடும், தப்பித்துக்கொள்ளும்.

படம் தயார். அதை யார் கண்ணில் காட்டுவது?

தேடுபொறிகள் நாம் கேட்ட பிறகு உலகத்தைத் துழாவுவதில்லை. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே அடுக்கி வைத்திருக்கின்றன. நீங்கள் எழுதாத சொல்லின் கீழ் உங்கள் பொருள் வர வாய்ப்பு குறைவு. படத்தின் கீழே "நியூ கலெக்‌ஷன்" என்று மட்டும் எழுதுபவர்கள் தங்களைத் தாங்களே ஒளித்துவைத்துக்கொள்கிறார்கள். டெரகோட்டா ஜிமிக்கி, சுடுமண் நகை, கல்யாண செட், மயில் டிசைன், கருப்பு, எடை, ஊர் என்று வாங்குபவர் வாயில் வரும் சொற்கள் எல்லாம் இயல்பான வாக்கியங்களாக அங்கே இருக்க வேண்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும்.

சமூக ஊடகங்களில் கதை வேறு. புதிதாக வந்த ஒரு படத்தை எத்தனை பேருக்குக் காட்டுவது என்பது கணிதத்தில் பெயர்பெற்ற ஒரு சிக்கல். 1933இல் வில்லியம் தாம்சன் என்பவர் மருத்துவத்தை மனதில் வைத்து இதை எழுதினார். இரண்டு மருந்துகளில் எது நல்லது என்று தெரியாதபோது, கண்டுபிடிக்கவும் வேண்டும், கண்டுபிடிப்பதற்குள் மோசமான மருந்து அதிகம் பேருக்குப் போகவும் கூடாது. என்ன செய்வது? இதுவரை கிடைத்த பலனுக்கு ஏற்ற விகிதத்தில் வாய்ப்பைப் பகிர்ந்துகொண்டே போ என்பது அவர் விடை. பல பத்தாண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்த அந்த முறை, இன்று இணைய விளம்பரங்களிலும் பரிந்துரைகளிலும் உயிரோடு இயங்குகிறது. புதிய பொருளை முதலில் சிலருக்குக் காட்டு, அவர்கள் நின்று பார்த்தால் இன்னும் பலருக்குக் காட்டு. வேலை செய்யும் விதம் ஏறக்குறைய இதுதான்.

இதில் சிறு தொழில்காரர் கற்க வேண்டியது பொறுமை. இரண்டு படம் போட்டு, பத்துப் பேரில் ஏழு பேர் முதல் படத்தை விரும்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் படம்தான் சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? இரண்டும் சமமான படங்களாகவே இருந்தாலும், ஏதோ ஒன்று ஏழோ அதற்கு மேலோ வாங்கும் வாய்ப்பு 34 விழுக்காடு. நாணயத்தைப் பத்து முறை சுண்டும் கணக்கு அது. மூன்றில் ஒரு முறை வெறும் தற்செயலே இப்படிக் காட்டும். பத்து லைக்கை வைத்துக்கொண்டு வடிவமைப்பையே மாற்றுவதும், ஒரு நாள் ஆர்டர் வராததால் படத்தை அழிப்பதும் தற்செயலோடு மல்லுக்கட்டுவதுதான். எண்ணிக்கை நூற்றைத் தாண்டட்டும், அப்புறம் பேசட்டும்.

விளம்பரத்தில் எனக்கு அதிக நம்பிக்கை உள்ள வழி வேறு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், 1973இல் எழுதிய கட்டுரையில், மக்களுக்குப் புதிய வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் மூலமே அதிகம் கிடைக்கிறது என்று காட்டினார். காரணம் யோசித்தால் புரியும். நெருங்கியவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரு செய்தி அவர்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். எப்போதாவது பார்க்கும் பழக்கக்காரர்தான் இன்னொரு வட்டத்துக்கு வாசல். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் ஐந்து ஆண்டுகளாக நடந்து 2022இல் வெளியான ஆய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது. வேலை பற்றிய செய்திக்கு இது கண்டறியப்பட்டது என்றாலும், ஜிமிக்கி பற்றிய செய்திக்கும் பொருந்தாமல் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்தாவது முறையாகப் போடுவதால் கிடைப்பது சித்தியின் கட்டைவிரல் குறி மட்டுமே. வாங்கியவர் அதை மாட்டிக்கொண்டு தன் அலுவலகத் தோழியின் வளைகாப்புக்குப் போகிறாரே, அங்கே "எங்கடி வாங்கின?" என்று கேட்கும் குரல்தான் புதிய வட்டம். காதணி முகத்தோடு சேர்ந்து நடமாடும் பொருள்; அந்தக் கேள்விக்கென்றே பிறந்தது. ஆகவே பெட்டிக்குள் உங்கள் பெயரட்டையை இரண்டாக வையுங்கள், ஒன்று அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு. அதில் க்யூஆர் குறி இருக்கட்டும். ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு 1994இல் கார் உதிரிபாகங்களுக்காக உருவாக்கியது அது. உயர்ந்த பிழைதிருத்தத் தரத்தில் அச்சிட்டால் குறியின் 30 விழுக்காடு வரை சேதமானாலும் படிக்கும். கைப்பையில் கசங்கினாலும் பரவாயில்லை.

அடுத்து, பயணம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொதி தரையைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ நாலரை மீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதில்தான் ஜிமிக்கியின் ஆயுள் இருக்கிறது. மெல்லிய கவரில் வைத்து அனுப்பியது ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், அது தாங்க வேண்டிய விசை தன் எடையைப்போல் ஆயிரம் மடங்கு. இரண்டு சென்டிமீட்டர் மெத்தென்ற பொருள் நசுங்கி இடம் கொடுத்தால் அதே விழுதலில் ஐம்பது மடங்குதான். விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுத்தால் வரும் விடை இது, பள்ளிக்கூடக் கணக்கு. சுட்ட மண் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையிலும் திடீர் அதிர்ச்சியிலும்தான் உடையும். 1957இல் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் சவான் இருவரும் சுவரில் ஒட்டும் தாளாக விற்க நினைத்துச் செய்த குமிழி உறை, பொதி கட்டும் பொருளாக உலகெங்கும் பரவியது அந்த நிற்கும் தூரத்தைக் காற்றால் வாங்கித் தந்ததால்தான்.

ஜிமிக்கிக்குத் தனி ஆபத்து ஒன்று உண்டு. குடைக்குள் தொங்கும் மணி பயணம் முழுக்க குடையை உள்ளிருந்தே தட்டிக்கொண்டிருக்கும். குடைக்குள் பஞ்சை அடைத்துவிட வேண்டும். இரண்டு ஜிமிக்கியும் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனியாகச் சுற்ற வேண்டும். பெட்டியை மூடிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். எந்தச் சத்தமும் வரக்கூடாது. பிறகு அதை நீங்களே கீழே போடுங்கள். சிறு பொதிகளுக்கான சர்வதேசச் சோதனை முறை ஒன்றில், 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடச் சொல்கிறார்கள். ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம். வீட்டுக் கூடத்திலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. பாதுகாப்புக்காகப் பெட்டியைத் தேவைக்கு மேல் பெரிதாக்கினாலும் அடி வேறு பக்கம் விழும். பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதைக் கிலோவாகக் கணக்கிட்டு, உண்மையான எடையைவிட அது அதிகமாக இருந்தால் அதற்கே கட்டணம் வாங்குகின்றன. 30க்கு 20க்கு 10 பெட்டி என்றால் 1.2 கிலோ, உள்ளே இருப்பது ஒரே ஒரு ஜிமிக்கி ஜோடியாக இருந்தாலும். 12க்கு 10க்கு 5 பெட்டி என்றால் 120 கிராம்.

முகவரியில் ஆறு இலக்கத்தை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அஞ்சல் துறை அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும்கூட, வடிவமைத்து 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்த பின்கோடு, ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் நாட்டில் பொதியைத் தவறாத வழியில் செலுத்துகிறது. ஊர்ப்பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் போய்ச் சேரும். முதல் இலக்கமே தவறினால் பொதி வேறு மாநிலத்தைப் பார்க்கப் போய்விடும்.

விலை பற்றி ஒரு வார்த்தை. மண்ணுக்கு ஆகும் செலவு சொற்பம். விற்பது நேரம். பிசைந்த நேரம், சுட்ட நேரம், படம் எடுத்த நேரம், பதில் எழுதிய நேரம், சூளையில் வெடித்தவற்றுக்குச் செலவான நேரம் எல்லாம் கணக்கில் வர வேண்டும். தயங்க வேண்டாம். 2015இல் ஃபுக்ஸ், ஷ்ரையர், வான் ஆஸலேர் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில், கையால் செய்தது என்று தெரிந்தால் மக்கள் அந்தப் பொருளில் அன்பு கலந்திருப்பதாக உணர்கிறார்கள் என்றும், மனதுக்கு நெருங்கியவருக்குப் பரிசாகக் கொடுக்கக் கூடுதல் விலை தரத் தயாராக இருக்கிறார்கள் என்றும் கண்டார்கள். அச்சில் வார்த்து நூற்றுக்கணக்கில் இறக்கப்படும் நகையோடு விலையில் போட்டி போடுவது, வீட்டில் செய்பவர் தன் பலத்தைத் தானே கைவிடுவதாகும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும், முகம் தெரியாத ஒருவரை நம்பிக் காசு அனுப்ப வாங்குபவருக்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். முன்பு வாங்கியவர்களின் சொல்தான் அது. அதை எப்படி எடைபோடுவது? 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ் ஒரு எளிய விதி தந்தார். கிடைத்த நல்ல அனுபவங்களோடு ஒன்றைக் கூட்டு, மொத்த அனுபவங்களோடு இரண்டைக் கூட்டு, பிறகு வகு. இரண்டு பேர் வாங்கி இருவரும் நன்று என்று எழுதிய கடைக்கு நான்கில் மூன்று, அதாவது 75 விழுக்காடு. இருநூறு பேரில் நூற்றுத் தொண்ணூறு பேர் நன்று என்றால் 94.6. பத்துக் குறையோடு நிற்கும் பெரிய கடை, குறையே இல்லாத சின்னக் கடையைவிட நம்பத்தக்கதாகத் தெரிவது இந்தக் கணக்கால். அதே கணக்கில், சின்னக் கடைக்கு மூன்றாவதாக ஒருவர் நன்று என்று எழுதினால் 80 ஆகிறது. பத்துப் பேர் எழுதினால் 91.7. பெரிய கடைக்கு இன்னொரு நல்ல சொல் சேர்ந்தால் இரண்டாம் தசம இடத்தில்தான் ஏதாவது அசையும்.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டிலிருந்து செய்து விற்கும் ஒருவரிடம் எதையாவது வாங்கினால், பொருள் கைக்கு வந்த அன்றே பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். நிறம் படத்தில் பார்த்தபடி இருந்ததா, எடை காதுக்கு இதமாக இருந்ததா, பெட்டி உடையாமல் வந்ததா என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். குறை இருந்தால் அதையும் மரியாதையாக எழுதுங்கள்.